பதினேழாம் அட்டையின் பின்பக்கம்

போன வாரம் பாரமிதா ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். நான் பதிமூன்று வருஷம் வேலை பார்த்த இடத்தில் இப்போது இருப்பவள் அவள். நாங்கள் கையால் எழுதிவைத்த அட்டைகளை ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறாள். இரண்டு சந்தேகம் கேட்டிருந்தாள்.

முதலாவது: ஒரு கட்டத்துக்குமேல் எல்லா அட்டைகளிலும் 'வாக்கு' என்ற பத்திக்கு அடுத்தாற்போல் ஒரு சின்ன வட்டமும் அதற்குள் இனிஷியலும் இருக்கின்றன. அதில் தகவல் எதுவும் இல்லை. விட்டுவிடலாமா?

இரண்டாவது: பதினேழாம் எண் அட்டையின் பின்பக்கத்தில் மட்டும் இரண்டு பேருடைய பெயர் எழுதியிருக்கிறது. தேடிப் பார்த்தேன், இவர்கள் எந்த அவையிலும் எந்தக் காலத்திலும் உறுப்பினராக இருந்ததில்லை. யாரோ தவறுதலாக எழுதியது என்று நினைக்கிறேன். அழித்துவிடட்டுமா?

அவளுக்கு அன்றைக்கே ஒரு வரியில் பதில் போட்டுவிட்டேன். நீளமான பதில் இது. பாரமிதாவுக்குத் தமிழ் வாசிக்க வராது, பரவாயில்லை. நம் தமிழ்ச் சங்க மலருக்கு வேலை அனுபவம் ஏதாவது எழுதிக்கொடு என்று இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதற்கும் ஆயிற்று.

முப்பத்தைந்து வயதில் ஓய்வு பெற்றவள் என்று என்னைச் சொல்லிக்கொண்டால் சிரிக்கிறார்கள். ஆனால் நான் பார்த்த வேலையே ஓய்வு பெற்றுவிட்டது. எங்களுக்கு ஒரு மாதம் பிடித்ததை இப்போது ஒரு பொத்தானைத் தட்டிப் பார்த்துக்கொள்ளலாம். வேலை போனபின் நான் மட்டும் நாற்காலியில் இருப்பது சரியில்லை என்று எழுந்து வந்துவிட்டேன்.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. புள்ளியியலில் பட்டம், அதன்மேல் ஒரு வருஷ கம்ப்யூட்டர் டிப்ளமா. வங்காளத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பம் எங்களுடையது. அப்பாவுக்கு கார்டன் ரீச்சில் ரயில்வே வேலை. வீடு லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால். வங்கி வேலைக்குப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த நாளில், "பட்டியல் போடத் தெரிந்தவர் தேவை" என்று ஒரு விளம்பரத்தை அப்பாதான் பேப்பரில் காட்டினார். "உனக்குன்னே போட்டிருக்கான்" என்றார். ஊருக்குப் போகும்போது பெட்டியில் என்னென்ன இருக்கிறது என்று மூடியின் உள்பக்கம் எழுதி ஒட்டுகிறவள் நான்.

அலுவலகம் என்றால் கரியாஹாட் சந்தடிக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில், இரண்டு அறை. வாக்காளர்கள் சிலர் சேர்ந்து நடத்திய சின்ன அமைப்பு. எந்தக் கட்சியோடும் சம்பந்தம் கிடையாது. செய்த வேலை ஒன்றே ஒன்று: எங்கள் மாநிலத்திலிருந்து மக்களவைக்குப் போன ஒவ்வொருவரும் அங்கே என்ன செய்தார் என்று எழுதிவைப்பது. ஆளுக்கொரு அட்டை. அட்டையில் ஐந்து பத்தி: வருகை, கேட்ட கேள்விகள், கலந்துகொண்ட விவாதங்கள், கொண்டுவந்த தனிநபர் மசோதாக்கள், வாக்கு.

கடைசிப் பத்திதான் கஷ்டமானது. அவையில் பெரும்பாலான விஷயங்கள் குரல் வாக்கெடுப்பிலேயே முடிந்துவிடும். ஆதரிப்பவர்கள் ஒரு சத்தம், எதிர்ப்பவர்கள் ஒரு சத்தம், அவ்வளவுதான். யார் எந்தச் சத்தம் போட்டார் என்று எங்கும் பதிவாகாது. யாராவது எழுந்து எண்ணித்தான் ஆகவேண்டும் என்று கேட்டால் மட்டும் கதவுகளை மூடி, மின்பலகையில் பெயர்வாரியாக வாக்கெடுப்பார்கள். அப்படி ஒரு பட்டியல் வந்தால் எங்களுக்கு விருந்து வந்த மாதிரி.

எங்கள் தலைவி நீலிமாதி. 'தி' என்றால் அக்கா. கல்லூரியில் அரசியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், வேலையை விட்டுவிட்டு இதை ஆரம்பித்தார். கஞ்சி போட்ட கைத்தறிப் புடவை, பால் விடாத தேநீர், கையில் ஓர் அடி மரஸ்கேல். எதை வாசித்தாலும் வரிக்கு அடியில் ஸ்கேலை வைத்து நகர்த்திக்கொண்டே வாசிப்பார். ஒரு வரி முடியாமல் அடுத்த வரி அவருக்குத் தெரியக்கூடாது. அவர் போட்ட விதிகள் நான்கு. உறுப்பினர்களை நேரில் சந்திக்கக்கூடாது. அவர்களைப் பெயர் சொல்லிப் பேசக்கூடாது, அட்டை எண்தான். அட்டையில் பெயரடை எழுதக்கூடாது. அட்டையின் பின்பக்கம் காலியாக இருக்கவேண்டும்.

பின்பக்கம் ஏன் என்று சேர்ந்த புதிதில் கேட்டேன். "இடம் இருந்தால் அபிப்பிராயம் வந்து உட்கார்ந்துகொள்ளும்" என்றார்.

எதை எழுதிக்கொண்டுபோய்க் காட்டினாலும் அவர் கேட்கும் கேள்வியும் ஒன்றுதான். "எங்கே பார்த்தாய்?" பேப்பரில் என்றால் அட்டை திரும்பி வரும். தொலைக்காட்சியில் என்றாலும் திரும்பி வரும். அவையின் பதிவில் என்றால் எந்தப் பக்கம் என்பார். மழை பெய்கிறது என்று சொன்னால்கூட அதையே கேட்பார் என்று பிஸ்வாஸ்தா கேலி செய்வார். பிஸ்வாஸ்தா எங்கள் டைப்பிஸ்ட். 'தா' என்றால் அண்ணன். கப்பல் கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். நீலிமாதியைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் உரிமை அவர் ஒருவருக்குத்தான் இருந்தது.

எண்களுக்குக் குணம் வந்துவிடும் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். 'ஆறு' வாயைத் திறக்கவே மாட்டார். 'முப்பத்தொன்று' எல்லாவற்றிலும் ஒரு நிமிஷம் பேசுவார். எனக்குப் பிடித்தது 'பதினேழு'. வங்காள மொழியில் ஷொதேரோ. பிஸ்வாஸ்தா 'நம்ம ஷொதேரோபாபு' என்பார். ஆற்றையொட்டிய தொகுதி, தொழிற்சங்கத்திலிருந்து வந்த மனிதர். வருகைப் பதிவேட்டில் ஒருநாள் கையெழுத்து விடமாட்டார். கேள்விகளோ ஒரே மாதிரி: படித்துறைகளை எப்போது பழுதுபார்ப்பீர்கள், தொழிலாளர் மருத்துவமனையில் எத்தனை படுக்கை, தொழிற்சாலை ஆய்வாளர் பதவிகள் எத்தனை காலியாக இருக்கின்றன. இந்தக் கடைசிக் கேள்வியைக் கூட்டத்தொடருக்கு ஒருதடவை கேட்பார். அமைச்சர் ஒவ்வொரு முறையும் தகவல் திரட்டப்படுகிறது என்று பதில் தருவார். இவர் அசராமல் அடுத்த கூட்டத்தொடரில் அதையே கேட்பார். எழுதி எழுதி எனக்கே மனப்பாடம்.

அவர் அட்டையில் ஒரே ஓட்டை கடைசிப் பத்தி. எண்ணி எடுத்த வாக்கெடுப்புகள் அந்த அவையில் பதினொன்று நடந்தன. பதினொன்றிலும் அவர் பெயர் இல்லை.

அட்டைகளின் சுருக்கத்தைக் கம்ப்யூட்டரிலும் வைத்துக்கொள்ளலாம் என்று நான்தான் படிவம் அமைத்திருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. வாக்கு என்ற இடத்தில் ஆதரவு, எதிர்ப்பு, நடுநிலை என்று மூன்று குறி. ஒன்றும் போடாமல் விட்டால் 'பங்கேற்கவில்லை' என்று தானாக வந்து விழும். நேரம் மிச்சம்.

நீலிமாதி அதைக் கவனிக்காமல் இல்லை. வருகை முழுசு, வாக்கு சுத்தமாக இல்லை, இது எப்படி என்று கேட்டார். கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்களே என்றேன். எங்கே பார்த்தாய் என்றார். வாக்கெடுப்புப் பட்டியலில் என்று பக்கம் சொன்னேன். தலையசைத்தார். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. படித்துறைக்காக அப்படி மன்றாடுகிற மனிதர், முக்கியமான நேரத்தில் நழுவுகிறாரே என்று.

தொண்ணூறுகளின் கடைசியில் அவை கலைந்து தேர்தல் வந்தது. எங்கள் அட்டைகளைச் சுருக்கி ஒரு சிறிய கையேடாக அச்சிட்டோம். பெயரடை ஒன்று இல்லை. பத்திகள் மட்டும். ஒரு வாரம் கழித்து அப்பா ஆபீசிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றாமலே ஆரம்பித்தார்.

"உங்க புஸ்தகத்துல இருக்கறத சுவத்துல எழுதியிருக்காண்டி. ஆறடி உயரத்துக்கு. 'வருவார், கையெழுத்துப் போடுவார், ஓட்டு நேரத்தில் மட்டும் எழுந்து போவார்.' கீழே உங்க ஆபீஸ் பேர்."

எங்கள் ஊரில் தேர்தல் என்றால் சுவர்தான் பத்திரிகை. எழுதியிருந்தது பதினேழைப் பற்றி. அம்மா பக்கத்து வீட்டு மாஷிமாவிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம். எழுந்து போவார் என்று நாங்கள் எழுதவில்லையே என்று ஒரு கணம் தோன்றியது. அப்படியே விட்டுவிட்டேன்.

தேர்தலுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தபோது ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் கடிதம் எழுதினார். ஒரு பழைய வாக்கெடுப்பில் 'ஆறு' எந்தப் பக்கம் என்று கேட்டு, ஆதாரத்தின் நகலும் வேண்டும் என்றிருந்தார். எங்களிடம் இருந்த பட்டியல்களெல்லாம் தில்லியில் ஒரு நண்பர் அன்றன்றைக்கு நகலெடுத்து அஞ்சலில் அனுப்பியவை. மங்கலாக இருக்கும். அச்சிட்ட தொகுதியிலிருந்து நல்ல நகலாகக் கொடுப்போமே என்று அலிப்பூரில் இருக்கும் பெரிய நூலகத்துக்குப் போனேன். அவை நடவடிக்கைகள் தடித்த தொகுதிகளாக அச்சாகி அங்கே வர ஏழெட்டு மாதம் ஆகும். அதுவரை காத்திருக்க முடியாது என்றுதான் அன்றாடப் பட்டியலை வைத்து வேலை செய்துகொண்டிருந்தோம்.

ஆறின் பெயர் கிடைத்தது. பக்க எண்ணைக் குறித்துக்கொண்டேன். பக்கத்தின் அடியில் ஒரு நட்சத்திரக் குறியும் இரண்டு வரி பொடி எழுத்தும் இருந்தன. கீழ்க்கண்ட உறுப்பினர்களும் சீட்டு மூலம் வாக்களித்தனர் என்று இருந்தது. அதன்கீழ் மூன்று பெயர். நடுவில் இருந்தது பதினேழு.

என் கையில் பென்சில் இருந்தது. அதை மேஜையில் வைத்துவிட்டு அந்த இரண்டு வரியை மறுபடி வாசித்தேன். பிறகு எழுந்து மற்றத் தொகுதிகளுக்குச் சீட்டு எழுதிக்கொடுத்தேன். அவை ஒவ்வொன்றாக வந்தன. பதினொரு வாக்கெடுப்பு, பதினொரு நட்சத்திரம், பதினொன்றிலும் அவர் பெயர்.

நடந்தது இதுதான். மின்பலகையில் வாக்கு விழாமல் போனால் உறுப்பினர் ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்கலாம். அன்றைக்கு அறிவிக்கும் முடிவு திருத்தத்துக்கு உட்பட்டது. சீட்டுகளைச் சேர்த்து அச்சில் வருவதுதான் இறுதி. 'திருத்தத்துக்கு உட்பட்டது' என்ற அந்த வார்த்தைகள் எங்களிடம் இருந்த ஒவ்வொரு நகலின் தலையிலும் இருந்தன. நான் அதை ஒரு சம்பிரதாயம் என்று நினைத்திருந்தேன். தெரியவில்லை என்று எழுதவேண்டிய இடத்தில் இல்லை என்று எழுதும்படி ஒரு படிவத்தையும் செய்துவைத்திருந்தேன். புள்ளியியல் வகுப்பில் முதல் மாதத்திலேயே செய்யாதே என்று சொல்லித் தருகிற தவறு அது.

மறுநாள் காலை நகல்களை நீலிமாதியின் மேஜையில் வைத்தேன். எங்கே பார்த்தாய் என்று அவர் கேட்கவில்லை. ஸ்கேலை எடுத்து, பக்கத்தின் அடிக்கு நேராகக் கொண்டுபோய், பொடி எழுத்தை வாசித்தார். அடுத்த நகல். அதற்கடுத்தது. பதினொன்றும் முடிந்ததும் ஸ்கேலைக் கீழே வைத்தார்.

"எத்தனை நாள் இருக்கிறது?"

"பதினொன்று."

பிஸ்வாஸ்தா டைப்ரைட்டரிலிருந்து திரும்பினார். அந்த மனிதரே புகார் சொல்லவில்லை, அடுத்த பதிப்பில் திருத்திவிடலாம் என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தேர்தல் நேரத்தில் ஓர் ஆளுக்கு மட்டும் மறுப்பு வெளியிட்டால் எங்களை அந்தக் கட்சியின் ஆள் என்று சொல்லிவிடுவார்கள் என்று பயந்தார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எங்களிடம் கட்டடம் இல்லை, ஆள்பலம் இல்லை. இவர்கள் யார் பக்கமும் இல்லை என்ற பேர் ஒன்றுதான் இருந்தது. அது போனால் கதவைச் சாத்தவேண்டியதுதான். திருத்தாமல் விட்டால் ஒரு மனிதர் செய்யாத தவறுக்காகத் தோற்பார், அதை எழுதியது நாங்கள்.

நீலிமாதி தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தார். பிறகு இரண்டு வேலை சொன்னார். ஒன்று, மற்ற எல்லா அட்டைகளையும் அச்சிட்ட தொகுதியோடு ஒத்துப்பார்ப்பது. மூன்று நாளில். இன்னொன்று, பதினேழைப் போய்ப் பார்ப்பது.

"முதல் விதி?" என்றேன்.

"பதினொரு தடவையும் ஒருத்தருக்கு மட்டும் மின்பலகை ரிப்பேராக இருக்காது. ஏன் எப்போதும் சீட்டு என்று நமக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் நாமாக எதையோ எழுதித்தான் இங்கே வந்து நிற்கிறோம். போய்க் கேட்டுக்கொண்டு வா."

கார்டன் ரீச்சுக்கு அப்பாவோடு பஸ்ஸில் போனேன். வழியில் அந்தச் சுவரைக் காட்டினார். நீலத்தில் எழுத்து, சிவப்பில் ஓரம், அழகாகத்தான் எழுதியிருந்தான். கீழே எங்கள் பெயரையும். அப்பாவுக்கு விஷயத்தைச் சொல்லியிருந்தேன். அவர் ஆடிட் பிரிவுக்காரர். "தப்புன்னா தப்புன்னு எழுதிட வேண்டியதுதான். அதுல என்ன இருக்கு" என்றார். இறங்கும்போது என் பையை வாங்கி வைத்துக்கொண்டு, குடையை என்னிடம் கொடுத்துவிட்டு, ஆபீசுக்கு நடந்தார். பையில்தான் நகல்கள் இருந்தன. ஓடிப்போய் வாங்கிக்கொண்டு வந்தேன்.

பதினேழின் தேர்தல் அலுவலகம் ஒரு சைக்கிள் கடையின் மேல் இருந்தது. படியேறும்போது எனக்கு ஒரே ஒரு பயம்: ஷொதேரோபாபு என்று வாய் தவறிக் கூப்பிட்டுவிடுவேனோ என்று. நாலைந்து வருஷமாக வேறு பெயரில் அவரை நான் நினைத்ததே இல்லை.

குட்டையான மனிதர், வெள்ளை ஜிப்பா, இடது தோளிலிருந்து முழங்கைக்குக் கீழ்வரை ஒரு சால்வை. புரட்டாசிப் புழுக்கத்தில் சால்வை. நான் யார் என்று சொன்னதும் அங்கே இருந்த இரண்டு பேர் எழுந்துவிட்டார்கள். ஒருவர், சுவரில் எழுதியது போதாதா, இன்னும் என்ன வேண்டும் என்றார். பதினேழு அவர்களைக் கீழே போய்த் தேநீர் சொல்லிவிட்டு வரச் சொன்னார். எனக்கு நாற்காலியைக் காட்டினார்.

நகல்களைப் பரப்பி, தவறு எங்களுடையது, என்னுடையது என்று சொன்னேன். வரும்போது ஒத்திகை பார்த்த வாக்கியம். அவர் நகல்களைத் தொடவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தூரத்திலிருந்தே பார்த்தார்.

"இதெல்லாம் யாராவது வாசிக்கிறார்கள் என்றே எனக்குத் தெரியாது, மா" என்றார்.

ஏன் எப்போதும் சீட்டு என்று கேட்டேன். சால்வையை விலக்கினார். இடது கையில் மணிக்கட்டு இருந்தது. அதற்குமேல் கட்டைவிரலும் கொஞ்சம் உள்ளங்கையும் மட்டும். அவையில் எப்படி வாக்களிப்பார்கள் என்று மேஜைமேல் எனக்குச் செய்து காட்டினார். முதல் மணி அடித்ததும் ஒரு கையால் ஒரு சுவிட்சை அழுத்திப் பிடிக்கவேண்டும். அதை விடாமல் மறுகையால் பச்சையோ சிவப்போ பொத்தானை அழுத்தவேண்டும். பத்து விநாடி கழித்து இரண்டாவது மணி அடிக்கும்வரை இரண்டையும் விடக்கூடாது. முதல் நாள் முயற்சி செய்து பார்த்தாராம், இடது கை சுவிட்சில் நிற்கவில்லை. பக்கத்து ஆசனக்காரர் நான் பிடித்துக்கொள்கிறேன் என்று கையை நீட்டினாராம்.

"என் ஓட்டில் இன்னொருத்தர் கை எதற்கு? சீட்டுக் கேட்டு வாங்கினேன். அதிலிருந்து சீட்டுத்தான்."

இதை வெளியே சொல்லியிருந்தால் சுவரில் எழுதியவன் மறுநாளே அழித்திருப்பானே என்றேன். தேநீர் வந்தது. என் கோப்பையை வலது கையால் என் பக்கம் தள்ளினார்.

ஆற்றங்கரையில் ஒரு பட்டறை என்று ஆரம்பித்தார். இப்போது மூடிவிட்டார்கள். அங்கே ஒரு கொதிகலன் வெடித்தபோது மூன்று பேர் பக்கத்தில் நின்றிருந்தார்கள். இருவர் அங்கேயே போய்விட்டார்கள். மூன்றாவது ஆள் இவர். முதல் தேர்தலில் கட்சிக்காரர்கள் கையைக் காட்டச் சொன்னார்களாம். படம் போடலாம், ஜனங்கள் உருகுவார்கள் என்று. மாட்டேன் என்றுவிட்டார். அன்றிலிருந்து மேடையில் சால்வை.

"என்னோடு நின்றவர்களுக்குக் காட்ட ஒன்றும் இல்லை. நான் மட்டும் எப்படிக் காட்டுவது?" என்றார். சால்வையைச் சரிசெய்துகொண்டார். "நீங்கள் திருத்தம் போடுங்கள். போடாவிட்டாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் போட்டால் கையைப் பற்றி எழுதக்கூடாது. அதைக் கேட்டுக்கொள்கிறேன்."

எழுந்தபோது, "அங்கே எங்களையெல்லாம் எண் போட்டுத்தான் கூப்பிடுவீர்களாமே. நான் எத்தனை?" என்று கேட்டார். இது எப்படி வெளியே போனது என்று இன்றுவரை தெரியாது. பிஸ்வாஸ்தாமேல் எனக்குச் சந்தேகம் உண்டு.

"பதினேழு."

"மோசமில்லை" என்றார்.

திரும்பி வந்து சொன்னேன். கையைப் பற்றி எழுதாவிட்டால் எங்களுக்கு என்ன ஆகும் என்று மூன்று பேருக்கும் தெரிந்தது. காரணம் சொன்னால் யாராலும் ஊகித்திருக்க முடியாத விஷயம் என்று எல்லோரும் மன்னித்துவிடுவார்கள். சொல்லாவிட்டால் ஒரு மனிதரின் வாக்கைப் பதினொரு தடவை பார்க்கத் தெரியாதவர்கள் என்று ஆகும். பிஸ்வாஸ்தா, 'தவிர்க்க முடியாத காரணத்தால்' என்றாவது போடலாமே என்று பார்த்தார்.

"தவிர்க்க முடியாத என்பது பெயரடை" என்றார் நீலிமாதி.

இதற்குள் மற்ற அட்டைகளையும் ஒத்துப்பார்த்து முடித்திருந்தேன். வேறு கட்சிக்காரர்கள் இருவருக்கு ஒவ்வொரு வாக்கு விட்டுப்போயிருந்தது. அவற்றையும் சேர்த்தோம். நீலிமாதி சொல்லச் சொல்ல பிஸ்வாஸ்தா டைப் செய்தார். நான்கு வாக்கியம். கையேட்டில் இந்த மூவரைப் பற்றி அச்சானது தவறு. சரியான விவரம் கீழே. அச்சிட்ட தொகுதியின் அடிக்குறிப்பைப் பார்க்காமல் எழுதினோம். தவறு எங்களுடையது. கீழே கையெழுத்து நீலிமாதி ஒருவருடையது. என் பெயரும் வேண்டும் என்றேன். "நீ எழுதினாய், நான் சரி என்றேன். கடைசியாகச் சரி சொன்னவர் கையெழுத்துப் போடவேண்டும்" என்று பேனாவை மூடிவிட்டார்.

துண்டுப்பிரசுரத்தை நாங்களே கரியாஹாட் முனையில் நின்று கொடுத்தோம். கஞ்சிப் புடவையில் நீலிமாதி, குடையோடு பிஸ்வாஸ்தா, நான். வாங்கி வாசித்த ஒருவர், உங்கள் கையேட்டை இனிமேல் எதற்கு நம்பவேண்டும் என்று கேட்டார். நீலிமாதி அவர் கையிலிருந்த தாளைத் தொட்டுக் காட்டினார். "நம்பவேண்டாம். பக்க எண் போட்டிருக்கிறது, போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். இரண்டு பத்திரிகைகள் எங்களைக் கிண்டல் செய்து எழுதின. அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒரு குடும்பம் விலகிக்கொண்டது. நீலிமாதியோடு கல்லூரியில் சேர்ந்து வேலை பார்த்த ஒருவர் ஒரு கல்யாணத்தில் அவரைப் பார்த்தும் பார்க்காதது போலப் போய்விட்டாராம். அதை அவர் சொல்லவில்லை, பிஸ்வாஸ்தா சொன்னார்.

பதினேழு ஜெயித்தார். சிறிய வித்தியாசம்தான். எங்கள் திருத்தத்தால்தான் என்று பிஸ்வாஸ்தா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அதை அளக்க ஒரு வழியும் இல்லை என்று நான் எடுத்துச் சொல்லியும் கேட்கவில்லை. முடிவு வந்த மறுநாள் தொலைபேசி மணி அடித்தது. நான் எடுத்தேன். "நான் பதினேழு பேசுகிறேன்" என்றது குரல். ஒரே ஒரு விஷயம் சொல்லத்தான் கூப்பிட்டாராம். அந்தச் சுவரை அழித்துவிட்டார்கள், எங்கள் பெயரும் சேர்ந்து அழிந்துவிட்டது என்றார்.

பாரமிதா கேட்ட வட்டம் அன்றிலிருந்து வந்தது. அச்சிட்ட தொகுதி வராமல் வாக்குப் பத்தியில் எதுவும் எழுதுவதில்லை. வந்தபின் அடிக்குறிப்பையும் பார்த்தாயிற்று என்பதற்கு வட்டத்துக்குள் பார்த்தவரின் இனிஷியல். என் படிவத்திலும் தானாக வந்து விழுவதை எடுத்துவிட்டேன். ஒன்றும் போடாத கட்டம் ஒன்றும் போடாமலே இருக்கும்.

இரண்டு வருஷம் போனது. இணையத்தில் அவையின் பேச்சுகள் அன்றைக்கே வர ஆரம்பித்திருந்த சமயம், திருத்தப்படாத பிரதி என்று தலையில் போட்டு. தொழிலாளர் பாதுகாப்பு பற்றி ஒரு விவாதம். அதற்குள் தகவல் திரட்டி முடித்திருந்தார்கள் போலிருக்கிறது. காலியாக இருந்த ஆய்வாளர் பதவிகளின் எண்ணிக்கையை அமைச்சர் அன்றுதான் முதல் தடவையாகச் சொன்னார். பதினேழு எழுந்திருக்கிறார். நான்கு நிமிஷம். திரையில் வாசித்துக்கொண்டே வந்தவள், நீலிமாதியைக் கூப்பிட்டேன். அவர் ஸ்கேலோடு வந்து அதைத் திரைமேலேயே வைத்தார்.

இந்த அவையில் வாக்களிக்க இரண்டு கை வேண்டும், எனக்கு ஒன்றுதான் இருக்கிறது, என்னோடு நின்ற இருவருக்கு அதுவும் இல்லை என்று பேசியிருந்தார். அந்த இருவரின் பெயரையும் சொல்லியிருந்தார்.

பிஸ்வாஸ்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அட்டையை எடுக்கப் போனேன். நீலிமாதி என் கையைப் பிடித்தார்.

"தொகுதி வரட்டும்."

அவர் சொன்னது சரி. உறுப்பினர் அல்லாதவர்களின் பெயர்கள் சில சமயம் அச்சில் வராமல் போகும். பேசியவரே படி திருத்தும்போது எடுத்துவிடுவதும் உண்டு. இத்தனை வருஷம் மூடிவைத்தவர் மறுநாள் மனம் மாறியிருந்தால் யார் கேட்கமுடியும்? ஏழு மாதம் காத்திருந்தோம். எங்கள் மூன்று பேருக்கும் மனப்பாடமாக இருந்த நான்கு நிமிஷத்துக்கு அட்டையில் ஓர் எழுத்து எழுதவில்லை. அந்த ஏழு மாதத்தில் நீலிமாதி நூலகத்துக்கு எத்தனை தடவை தொலைபேசினார் என்று எண்ண நான் முயலவில்லை.

தொகுதி வந்த அன்று மூவரும் அலிப்பூர் போனோம். பிஸ்வாஸ்தா அதற்குமுன் நூலகத்துக்கு வந்ததே இல்லை. பக்கத்தைக் கண்டுபிடித்து, நீலிமாதி ஸ்கேலை முதல் வரிக்கு அடியில் வைத்தார். எனக்குக் கீழே பார்க்கவேண்டும் போலிருந்தது. அவர் வரிவரியாகத்தான் நகர்த்தினார். கையைப் பற்றிய வரி இருந்தது. அடுத்த வரி இருந்தது. அதற்கடுத்த வரியில் இரண்டு பெயரும் இருந்தன. பக்கத்தின் அடியில் ஒரு நட்சத்திரம். வங்காள மொழியில் ஆற்றிய உரையின் மொழிபெயர்ப்பு என்று பொடி எழுத்து. அதையும் வாசித்துவிட்டுத்தான் ஸ்கேலை எடுத்தார்.

அலுவலகம் திரும்பியதும் நான் அட்டையை எழுதினேன். விவாதம், தொழிலாளர் பாதுகாப்பு, நான்கு நிமிடம். அதற்குமேல் எழுத அட்டையில் இடம் கிடையாது. நீலிமாதி அதை என்னிடமிருந்து வாங்கி, பின்பக்கத்துக்குத் திருப்பினார். அந்த அறையில் ஓர் அட்டையின் பின்பக்கத்தில் பேனா பட்டது அன்று ஒருநாள்தான்.

பாரமிதா, பெயர்களுக்குக் கீழே பென்சிலில் சின்னதாக ஓர் எண் இருக்கும், வெளிச்சத்தில் சாய்த்துப் பார். அது பக்க எண். எங்கே பார்த்தது என்று யாராவது கேட்டால் சொல்வதற்காக அவர் எழுதிவைத்தது. நித்தாய் மண்டல், ஷேக் ரஹீம். அவர்கள் உறுப்பினர்கள் அல்ல. ஆனால் பதிவில் இருக்கிறார்கள்.